தகரக் கூரையும் மஸ்கட்டும்

1. அறை வெப்பநிலை

அவுஸ்திரேலியாவிலிருந்து ஆறு பெட்டி வைன் வந்திறங்கிய நாளில் நான் இன்னும் சீசன் ஆள்தான். திருகோணமலை ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள் இரண்டு வகை. நிரந்தர ஆட்கள் ஒன்று. மாரி தொடங்கி வெள்ளைக்காரர் போனதும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் மற்றது. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் ஹோட்டலின் பாரில் நான் பல வருடமாக இரண்டாவது வகை.

எனக்கு ஒரு நிரந்தரக் கடிதம் தேவைப்பட்டது. போரில் இடம்பெயர்ந்து, திரும்பிச் சம்பூரில் மீளக்குடியேறிக் கட்டிய வீட்டுக்கு அப்போதும் தகரக் கூரை. ஓடு போடக் கடன் கேட்டால், வேலை நிரந்தரமா என்று வங்கியில் கேட்டார்கள். இந்த வைன்களைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டிங் சரிவந்தால் பாருக்கு ஒரு நிரந்தர ஆள் எடுப்பதாகவும் அது நான்தான் என்றும் முகாமையாளர் சொல்லியிருந்தார்.

பெட்டிகளை லோண்டரிக்குப் பின்னால் உள்ள ஸ்டோரில் வைக்கச் சொன்னார். வெள்ளை வைன் மட்டும் ஃப்ரிட்ஜுக்குப் போனது. சிவப்பு வைன் ரூம் டெம்பரேச்சரில் இருக்கவேண்டும் என்று அவருடைய புத்தகத்தில் இருந்ததாம். புத்தகம் எழுதியவர் எந்த ஊர் ரூமில் இருந்து எழுதினாரோ தெரியாது. எங்கள் ஸ்டோருக்குக் கூரை தகரம். வெளியே கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது.

"சேர், அந்த ரூமுக்குள்ள எங்களுக்கே நிக்க ஏலாமக் கிடக்கு" என்றேன்.

"நான் உங்களைப் பற்றிக் கதைக்கேல்லை. வைனைப் பற்றிக் கதைக்கிறன்" என்றார்.

2. வாளி

சில வாரங்கள் கழித்து வைன் தோட்டத்துச் சொந்தக்காரி மார்கரெட் வந்தார். ரதர்கிளென் என்ற பிரதேசத்தில் அவருடைய தோட்டம். தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். தன் வைனை எங்கள் ஹோட்டலுக்குத் தருவதா இல்லையா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

டேஸ்டிங் என்பது பெரிய வித்தை இல்லை. கிளாசைச் சுற்றி, மணந்து பார்த்து, வாயில் வைத்து, பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்பவேண்டும். முகாமையாளர் துப்பவில்லை. விலை தெரிந்த மனிதர். வெள்ளை வைன்களில் குறை இருக்கவில்லை. பிறகு ஷிராஸ் என்ற சிவப்பு வைனைத் திறந்தோம். அதன் கார்க் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தது. மார்கரெட் மணந்து பார்த்தார். முகாமையாளர் குடித்துவிட்டு, அருமையான பழவாசம் என்று ஆங்கிலத்தில் புகழ்ந்தார்.

மார்கரெட் என்னைப் பார்த்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

என் வாயில் இருந்தது அடிப்பிடித்த விளாம்பழ ஜாம். எனக்குப் பயமாக இருந்தது. நல்லது என்று சொன்னால் முகாமையாளரின் மானம் தப்பும், கடிதமும் தப்பலாம். ஆனால் கேட்டவர் அந்த வைனைப் பெற்றெடுத்தவர். வாளியில் துப்பிவிட்டு, "குக்ட், மேடம்" என்றேன். அவிந்துவிட்டது என்றால் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதுதான்.

அவர் தலையாட்டிவிட்டு ஸ்டோரைக் காட்டச் சொன்னார். உள்ளே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். முகாமையாளர் துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தார்.

3. இனிப்பு

மேசைக்குத் திரும்பியதும் மார்கரெட் கடைசிப் போத்தலைத் திறந்தார். மஸ்கட். அதுவும் அதே ஸ்டோரில் கிடந்ததுதான். இது ஃபோர்ட்டிஃபைட் வைன். பாதி புளிக்கும்போதே ஸ்பிரிட் சேர்த்துவிடுவார்கள், இனிப்பு அப்படியே நின்றுவிடும். பனங்கட்டிப் பாகு மாதிரி இருந்தது. ஒரு கெடுதியும் இல்லை. நானும் துப்பவில்லை.

தங்கள் ஊரில் இதைப் பீப்பாயில் ஊற்றித் தகரக் கொட்டகையில் பல வருடம் வெக்கையில் விடுவார்கள், அதனால்தான் இனிப்பு இவ்வளவு கூடுகிறது என்று அவர் விளக்கினார். முகாமையாளருக்கு உயிர் வந்தது.

"கேட்டீங்களே? தகரமும் வெக்கையும் நல்லதாம்" என்றார் என்னிடம்.

எனக்குக் கோபம் வந்தது. "எங்களையும் அகதி முகாமில வருசக்கணக்காத் தகரக் கொட்டிலுக்குள்ளதான் வச்சிருந்தவை, சேர். நாங்கள் ஒருத்தரும் இனிச்சு வரேல்லை."

முகாமையாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. மார்கரெட் காத்திருந்தார். கடைசியில் முகாமையாளர் மெல்லிய குரலில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மார்கரெட் கிளாசைக் கீழே வைத்தார். பிறகு, மஸ்கட் வெக்கையைத் தாங்குவதற்கென்றே செய்த வைன், தாங்காததை அங்கே வைத்தது பிழை என்றார். வருடம் முழுக்க ஏசி ஓடும் ஒரு ஸ்டோர் இருந்தால்தான் மற்ற வைன்களைத் தருவேன் என்றும் சொன்னார்.

ஸ்டோர் கட்டினார்கள். ஆனால் மாரியில் ஹோட்டல் மூடியிருக்கும், கரண்டும் அடிக்கடி போகும். ஜெனரேட்டர் போட ஒரு ஆள் அங்கேயே நிற்கவேண்டும். அந்த ஆளுக்கு வைனும் தெரிந்திருக்கவேண்டும்.

கடிதத்தைத் தரும்போது முகாமையாளர், இது உங்களுக்காக இல்லை, வைனுக்காக என்றார். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று துப்பிய கையோடு சொல்லிவிடுங்கள். நல்லது என்று சொல்லிவிட்டால் பிறகு விழுங்கவேண்டி வரும்.

மஸ்கட் போத்தல்கள் இன்றும் பழைய ஸ்டோரில்தான் இருக்கின்றன. நான் கடன் எடுத்துச் சம்பூர் வீட்டுக்கு ஓடு போட்டேன். கழற்றிய தகரங்கள் நல்லாத்தான் இருக்கு, என்ன செய்யிறது என்று மேசன் கேட்டார்.

"எங்கையெண்டாலும் கொண்டு போங்கோ" என்றேன். "என்ர கண்ணில படாட்டிப் போதும்."