சேணம் இல்லாத குதிரை

ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டெனிசனுக்குக் குவாலிட்டியில் வேலை. லைனில் வருகிற பீஸை எடுப்பான், கேஜில் வைத்து அளவு பார்ப்பான், மயிரிழை தப்பாக இருந்தாலும் சிவப்பு பெயிண்டைத் தடவிச் சிவப்புத் தொட்டியில் வீசுவான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே பிழைப்பு. தன் கண்ணை எவனும் ஏமாற்ற முடியாது என்று அவனுக்கு ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பு இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்த்தது.

வீடு வடக்குப்பட்டில். மனைவி சகாயமேரி தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். டெனிசனிடம் பைக் இருந்தது. ஆனால் அவனுக்கு விடிவதற்குள் ஷிஃப்ட். அதனால் அவள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோதான் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு நைட் ஷிஃப்ட் முடித்த கூட்டம் மொத்தமும் அதே ஆட்டோக்களில் தொற்றிக்கொண்டு வரும். டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று போவாள். ஒருநாள் துப்பட்டா பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியம், துப்பட்டாவோடு போயிற்று. அன்றைக்குத்தான் ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவானது. மாதாமாதம் தன் சம்பளத்தில் ஒரு பங்கை டெனிசன் கணக்குக்கு அனுப்பினாள்.

"என் கையில கீதுன்னா செலவாயிடும். உங்கிட்ட கீதுன்னா பத்திரமா இருக்கும்" என்றாள். பாவம் மகராசி, ஆளைப் பார்த்து நம்பினாள்.

இந்தச் சமயத்தில்தான் கேன்டீனில் மாரிராஜ் அந்த கேமைக் காட்டினான். மாரிராஜ் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன், லைனில் மெஷின் ஓட்டுகிறவன். செல்போனில் சண்டை போடுகிற விளையாட்டு அது. விளையாடக் காசில்லை. ஆனால் நடுவில் ஒரு பெட்டி வரும். அதைத் திறக்க நிஜக் காசு கொடுக்க வேண்டும். உள்ளே தங்கக் குதிரை இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். டெனிசன் திறந்தான், புல்லுக்கட்டு வந்தது. மறுபடி திறந்தான், மறுபடியும் புல்லுக்கட்டு. குதிரை இல்லாதவனிடம் குதிரைத் தீனி மட்டும் குடோன் கணக்கில் சேர்ந்தது.

வேறொருவனாக இருந்தால் 'போங்கடா' என்று போனை மூடியிருப்பான். இவர் பெரிய குவாலிட்டி ஆயிற்றே! லைனில் வரிசையாக ரிஜெக்ட் வந்தால் என்ன அர்த்தம்? டூல் தேய்ந்திருக்கும், செட்டிங் நகர்ந்திருக்கும். சூப்பர்வைசர் லைனை நிறுத்திச் சரிசெய்வார், அடுத்த பீஸ் பொன்னாக வரும். பெட்டியிலும் அப்படித்தான் என்று டெனிசன் கண்டுபிடித்தான். எங்கேயோ ஒரு ஏசி ரூமில் ஒருத்தன் உட்கார்ந்து, 'ஐயையோ, டெனிசனுக்கு ரிஜெக்ட்டா போவுதே' என்று பதறி செட்டிங்கைத் திருத்துவான் என்று நிஜமாகவே நம்பினான். நம்பியதோடு நின்றானா? டீ இடைவேளையில் வகுப்பே எடுத்தான்.

"மாரி, இன்னா வந்துச்சி?"

"புல்லுக்கட்டுதாண்ணே. இன்னைக்குப் பூரா அதான்."

"அப்போ நல்ல சகுனம்டா. செட்டிங் முழுசா கழண்டுகீது. இப்போ வுட்டுட்டுப் போனேன்னு வெச்சிக்கோ, சரி பண்ண பின்னாடி மொத பீஸை வேற எவனாச்சும் தூக்கினு பூடுவான். வுடாத, தெற."

மாரிராஜும் திறந்தான். ஊருக்கு அனுப்ப வைத்திருந்ததிலிருந்து எடுத்துத் திறந்தான். அண்ணன் படித்தவர், டிப்ளமோ வேறு.

இத்தனைக்கும் இதே டெனிசன்தான் அந்த வருஷம் மாதா திருவிழாவில் தம்போலாவை நிறுத்தியவன். பெண்கள் சங்கத்தார் நம்பர் கூப்பிட, சீட்டு வாங்கியவர்கள் அந்த நம்பரை அடித்துக்கொண்டே போவார்கள். ஜெயித்தால் பிளாஸ்டிக் பக்கெட். திருவிழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் இவன் எழுந்து, "காசு கட்டி அதிர்ஷ்டம் பாத்தா அதுக்குப் பேரு சூது. கோயில் வளாகத்துல நடக்கலாமா ஃபாதர்?" என்று கேட்டான். ஃபாதரே ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். பக்கெட்டுகள் விற்ற கடைக்கே திரும்பிப் போயின. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், வேப்பமரத்து ஓரம் ஒதுங்கி நின்று ஒரு பெட்டி திறந்தான். புல்லுக்கட்டு.

பெட்டிக்குக் காசு கட்டுவது காசு கட்டுவது போலவே இருக்காது. கட்டைவிரலை வைத்தால் போதும், டிங் என்று ஒரு சத்தம், வானவேடிக்கை. பர்ஸைத் திறந்து தாளை எண்ணிக் கொடுத்திருந்தால் பாதியிலேயே பர்ஸை மூடியிருப்பான். முதலில் தன் ஓவர்டைம் பணம் போயிற்று. பிறகு, 'குதிரை வந்ததும் நிறுத்திடுவேன், அடுத்த மாச ஓவர்டைம்ல போட்டுடுவேன்' என்று ஸ்கூட்டர் பணத்தில் கைவைத்தான். கடைசியில் கணக்கில் ஸ்கூட்டருக்கு ஹெல்மெட் வாங்கக்கூட மிச்சமில்லை.

கடைசிக் காசைப் போட்டுத் திறந்த பெட்டியில் குதிரை வந்துவிட்டது!

கேன்டீனே எழுந்து நின்று விசில் அடித்தது. மாரிராஜ் டெனிசனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "சொன்னேன்ல? செட்டிங் சரி பண்ட்டான் பாத்தியா!" என்று டெனிசன் எல்லோருக்கும் டீ சொன்னான். அதற்குள் சைரன். லைனுக்குள் போன் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, ஷிஃப்ட் முடியும்வரை தங்கத்தில் மிதந்தான்.

வீட்டு வாசலிலேயே சகாயமேரி நின்றிருந்தாள். லீவு போட்டு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போயிருந்தாள் என்பது அவளைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

"எட்டு போட்டேன்யா! காலே ஊனல! இன்ஸ்பெக்டரே நல்லா ஓட்டறம்மான்னாரு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஷோரூமுக்கு போன் பண்ட்டேன். நீல கலரு கீதாம். நாளைக்கு காலைல போயி பணத்தக் கட்டி எடுத்துகினு வந்துடலாம்."

பேங்க் சர்வர் டவுன் என்று ஒரு பொய் டெனிசனின் தொண்டைவரை வந்தது. நல்ல பொய்தான், ஒரு வாரம் ஓடும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"பணம் இல்ல மேரி."

"இன்னாது?"

"கேம்ல வுட்டுட்டேன். மொத்தமும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அம்மாம் பணத்துக்கு இன்னா வாங்கின?" என்றாள்.

"குதிரை."

"இன்னா?"

"குதிரை மேரி. தங்கக் குதிரை."

"காட்டு."

காட்டினான். திரையில் குதிரை பிடரியைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. போனை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. இதுல என்னைய ஏத்திகினு போயி சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனாண்ட எறக்கி வுடு, பாக்கலாம்."

டெனிசன் பேசாமல் நின்றிருக்கலாம். பதற்றத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? மடத்தனமாக விரலை நீட்டி 'ஏறு' என்றிருந்த பட்டனை அமுக்கினான். குதிரை நகரவில்லை. எழுத்துகள் வந்தன. சகாயமேரி அதை உரக்கப் படித்தாள்: "சேணம் தேவை. சேணப் பெட்டியைத் திறக்கவும்."

"சேணம் இல்லியா?"

"அது... வேற பெட்டில கீது போல."

"கூட இன்னாதான் குடுத்தான்?"

"புல்லுக்கட்டு. அது நெறைய கீது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டெனிசனும் அசட்டுத்தனமாகக் கூடவே சிரித்தான். அவள் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"யோவ், பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு நம்பர் அடிச்சா பாவம்னு ஃபாதருக்கே கிளாஸ் எடுத்தியே யா!" என்று போனை அவன் நெஞ்சில் எறிந்துவிட்டு உள்ளே போனாள். போனவள் அடுத்த நாளைக்கான சுடிதாரை எடுத்து வைத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் பறக்காதபடி துப்பட்டாவுக்கு ஊக்கு மேல் ஊக்காகக் குத்தத் தொடங்கினாள்.

அதைப் பார்க்கத்தான் டெனிசனால் தாங்க முடியவில்லை. தானே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் அந்தப் பெரிய குவாலிட்டி மூளைக்கு உறைத்தது. அந்தப் பெட்டியில் எதுவும் கழலவும் இல்லை, எவனும் எதையும் திருத்தவும் இல்லை. புல்லுக்கட்டு வரவேண்டும் என்றுதான் அதை செட் பண்ணியே வைத்திருக்கிறார்கள். அவன் ரிஜெக்ட் என்று நினைத்ததெல்லாம் அவர்களுக்கு ஓகே பீஸ். குதிரை வந்தாலும் சேணத்துக்கு இழுக்கும், சேணம் வந்தால் கடிவாளத்துக்கு இழுக்கும். இதை உட்கார்ந்து யோசித்துச் செய்தவன் எவனோ, அவனும் ஒரு வீட்டில் சோறு தின்கிறவன்தானே என்று சபித்தான். அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே மாரிராஜின் முகம் வந்து நின்றது. அந்தப் பையனைத் திறக்கச் சொன்னது ஏசி ரூம்காரன் இல்லையே, டீ கிளாஸும் கையுமாக நின்ற டெனிசன்தானே?

மறுநாள் டீ இடைவேளையில், விசில் அடித்த அதே கூட்டத்தின் முன் சேணக் கதையைச் சொன்னான்.

"அந்த மெஷின் சரியாத்தாண்டா ஓடுது. நான் சொன்ன தியரிய செகப்புத் தொட்டில போடு, மாரி."

"தியரிய மட்டும் போட்டா போதுமாண்ணே? ஒங்களயும் சேத்துத் தூக்கிப் போடணும்லா?" என்றான் மாரிராஜ். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் டெனிசன் கண்ணெதிரேயே கேமை அழித்தான்.

டெனிசன் தன் பைக்கை விற்றான். போதாததற்குத் தன் கழுத்துச் செயினையும் விற்றுச் சேர்த்து நீல ஸ்கூட்டர் வந்தது. ஜெனரல் ஷிஃப்டுக்கு மாறியதால் இப்போது இருவரும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறார்கள். கம்பெனி அவள் போகிற வழியில்தான் என்பதால், "பின்னாடி உக்காந்துகினு வரட்டா?" என்று ஒருநாள் குழைந்து கேட்டுப் பார்த்தான்.

"எனக்கு மட்டுந்தான் சேணம் கீது" என்று சகாயமேரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே ஐயா ஷேர் ஆட்டோவில் போகிறார். டிரைவர் சீட்டின் ஓரத்தில் பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. லாரி உரசிக்கொண்டு போகிற ஒவ்வொரு தடவையும் உயிர் போய்த் திரும்புகிறது. இத்தனை வருஷம் அவள் எப்படிப் போனாள் என்று நினைக்கும்போது இன்னொரு தடவை போகிறது. பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் கேட்கும். நீல ஸ்கூட்டர் முந்திக்கொண்டு போகும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அண்ணே, ஒங்க குதிரை போகுதுல்லா!" என்று அதே ஷிஃப்டுக்கு வருகிற மாரிராஜ் பின்சீட்டிலிருந்து கத்துவான்.

டெனிசன் ஆட்டோக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.