வானொலியில் சொன்ன எட்டு குவிண்டால்

வானொலி சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட நந்தகோபால் நம்பியதில்லை. ஒரு நாள்கூடக் கேட்காமல் இருந்ததும் இல்லை. காலையில் வானிலை அறிக்கை 'ஓரிரு இடங்களில் மழை' என்றதும், வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, "அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊரு என்னைக்கு இருந்திருக்கு?" என்று பெட்டியிடம் கேட்பார். பெட்டி பதில் சொல்லாமல் மிளகாய் வற்றல் விலைக்குப் போய்விடும்.

புதூர் பக்கத்துக் கரிசலில் அவருக்கு நாலு ஏக்கர் மானாவாரி மிளகாய். எஃப்.எம். அந்தக் காட்டுக்கு வந்து சேர்வதற்குள் வெறும் இரைச்சலாகிவிடும். மத்திய அலை ஒன்றுதான் மரம் மட்டை இல்லாத அந்த வெளியில் யாரையும் கேட்காமல் நடந்து வரும்.

அந்த ஊரில் விளைச்சலை உள்ளபடி யாரும் சொல்வதில்லை. ஆறு மூடை வந்தால் மூன்று என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். கேட்கிறவனும் உள்ளூர்க்காரன், சொன்னதை இரண்டால் பெருக்கிக்கொள்வான். எல்லோரும் பொய் சொல்லி எல்லோருக்கும் உண்மை தெரிந்த ஊர். நந்தகோபால் இந்த விஷயத்தில் ரொம்ப ஒழுங்கு; பாதிக்கு மேல் சொன்னதே கிடையாது.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில், விவசாயிகள் நிகழ்ச்சிக்காக வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் வந்து மைக்கை நீட்டினார். ஏக்கருக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டார். எடுத்தது நாலு குவிண்டால். வழக்கப்படி இரண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இது பக்கத்துக் காட்டுக்காரன் கேட்கிற கேள்வி இல்லையே. இரண்டு என்றால் மூன்று மாவட்டத்துக்கும் கேட்கும். மூன்று மாவட்டத்திலும் கேவலம். "எட்டு குவிண்டாலுங்கய்யா" என்றார். காலமெல்லாம் குறைத்தே சொல்லிப் பழகிய நாக்கு, ஒரே ஒரு தடவை கூட்டிச் சொன்னது.

வெயிலுமுத்து டீக்கடையில் அது ஒலிபரப்பானபோது கணக்கு உடனே ஆரம்பித்தது.

"அண்ணாச்சி வாயில எட்டு வருதுன்னா, உள்ளது பதினாறு" என்றான் வெயிலுமுத்து.

"பதினாறு எந்தக் காட்டுலயும் வெளையாதுலே" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"சரி, பன்னெண்டுன்னு வச்சுக்கிடுவோம்."

அப்படித்தான் ஊர் பேரம் பேசிப் பன்னிரண்டில் வந்து நின்றது. ரேடியோவை நம்பாத மனிதர், ரேடியோவில் வந்த தன்னை ஊர் நம்பும் என்பதை யோசிக்கவில்லை.

அதிகம் நம்பியது சுந்தரம்மாள். புருஷன் இறந்தபின் முப்பது ஆடுகளை வைத்துப் பிழைத்தவள். அவளுக்கு இரண்டு ஏக்கர் தரிசாகக் கிடந்தது. மறுநாளே வந்து கேட்டாள். "நெசந்தானா அண்ணாச்சி?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நந்தகோபால், "ஏதோ, சாமி புண்ணியம்" என்றார். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள்.

அவள் இருபத்திரண்டு ஆடுகளை விற்றுத் தரிசை உழுது, புரட்டாசியில் மிளகாய் போட்டாள். தினமும் அவள் காட்டு வழியாகப் போகும்போது சொல்லிவிடலாம் என்று நந்தகோபால் நினைப்பார். களை எடுக்கும் பக்குவம் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு நகர்வார். ஐப்பசி மழை ஏமாற்றியது. செடி முழங்கால் உயரம்கூட வராமல் கருகியது. நர்சிங் படிக்கப் போவதாக இருந்த அவள் மகள் முத்துசெல்வி, கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறினாள்.

மழை இல்லாததற்கு நந்தகோபால் என்ன செய்வார்? எல்லோருக்கும்தான் கருகியது. இந்த நியாயத்தைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். வானிலை அறிக்கையை நம்பிய அளவுக்கே அதையும் நம்பினார். சுந்தரம்மாள் தெருவைத் தவிர்த்து, கண்மாய்க்கரை சுற்றி வீட்டுக்குப் போகப் பழகினார்.

"எட்டு சொன்ன வாய்க்கு நாலு சொல்ல வராதாக்கும்?" என்று மனைவி பாலம்மாள் வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

இந்த வருடம் மத்திய அலையை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு. நிறுத்தும் முன், பழைய நிகழ்ச்சிகளில் பேசியவர்களை மறுபடி பேசவைக்கிறோம் என்று நிலையத்திலிருந்து ஆள் வந்தது. இந்தத் தடவை ஓர் இளம்பெண். நந்தகோபால் சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் சொன்னதை ரேடியோவிலேயே திருத்திவிட வேண்டும். அப்புறம் சுந்தரம்மாள் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும்.

"அன்னைக்கு எட்டுன்னு சொன்னேன்மா. உள்ளது நாலுதான்."

"உங்க தன்னடக்கம் நேயர்களுக்குப் புரியுதுங்கய்யா" என்று சிரித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள் அந்தப் பெண்.

ஒலிபரப்பான அன்று சாயங்காலம் அவர் கண்மாய்க்கரைக்குப் போகவில்லை. சுந்தரம்மாள் மகளுக்காக வேனை எதிர்பார்த்து நிற்கும் இடத்துக்கு நேராகப் போனார்.

"கேட்டேன் அண்ணாச்சி" என்றாள் அவள். "நல்ல காரியம் செஞ்சீங்க."

"சுந்தரம், அது..."

"அன்னைக்கு வாயத் தொறந்து உள்ளதைச் சொல்லிட்டீங்க. மூணு ஜில்லா கண்ணும் நம்ம ஊரு மேல பட்டுச்சு. ஐப்பசியில ஒரு பொட்டு மழை உண்டா? நானும் ஒருநாள் சொல்லணும்னுதான் இருந்தேன், பெரியவுககிட்ட எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன். இனிமேலாச்சும் பழையபடி கொறைச்சே சொல்லுங்க."

"இல்ல தாயி. நெசமாவே நாலுதான்."

"ஆமா, அப்பிடித்தான் சொல்லணும்" என்று தலையசைத்தாள். எட்டு வருடத்து மனத்தாங்கலை விட்டுவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. எட்டு வருடமும் தன்மேல் அவளுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அதுவும் அவர் செய்யாத குற்றத்துக்கு.

வேன் வந்தது. முத்துசெல்வி இறங்கினாள், தீப்பெட்டி மருந்து வாடை. "நல்லாருக்கீங்களா மாமா?" என்றாள்.

"ஏதோ இருக்கேன்" என்றார் நந்தகோபால்.

அதையும் அவள் இரண்டால் பெருக்கிக்கொண்டிருப்பாள்.