கோலமாவில் ஒரு கடற்கரைச் சாலை

ஐப்பசி பிறந்ததும், பள்ளிக்கூட நேரம் போக, எனக்கு வீட்டுச் சிறை தொடங்கிவிடும். மழை, மழைக்குப் பின் பனி, பனியோடு கலந்து இறங்கும் தொழிற்சாலைப் புகை, கடைசியில் போகி. இவ்வளவும் கடந்து தை பிறந்தால்தான் எனக்கு விடுதலை. காரணம் என் நெஞ்சு. குளிர்காற்றோ புகையோ பட்டால் போதும், உள்ளே யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம் கிளம்பும். எங்கள் தெருவில் அதை இழுப்பு என்பார்கள். அம்மா மட்டும் டாக்டர் சொன்னபடி வீசிங் என்பாள். அப்படிச் சொன்னால் அது ஏதோ கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி போலத் தோன்றும் என்று நினைத்தாளோ என்னவோ.

நான் ஆறாவது படித்த வருடம், சிறைக்குள் இரண்டு பொருள்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, பெரியம்மா மகளுக்குச் சின்னதாகிப்போன லேடீஸ் சைக்கிள். இன்னொன்று, மாமா கொண்டுவந்த ஒரு கேமரா. மாமா அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் அசையாமல் இரும்புக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தார். ஒரு கப்பல்காரர் தோஸ்தாகிவிட்டதாகவும், போகும்போது அன்பாகக் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். அப்பா அதை நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

சைக்கிள் இருக்கிறது, கேமரா இருக்கிறது, வாசற்படி தாண்ட அனுமதி இல்லை. அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்து மாமா சொன்னார்: “மழை இன்னா, ஆயுசுக்குமா பேஜார் பண்ணும்? வுட்ட அன்னிக்கே கெளம்பணும்னா இப்பவே பிளான் போட்டாத்தான் ஆவும். எட்றா கண்ணு கோலமாவை.”

மார்கழியில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம் போடுவார்கள். எங்கள் வீட்டில் முன்னறைக்குள் போட்டோம். மாமா கோலமாவைக் கையில் எடுத்து, சுவரோரமாக ஒரு நீளக் கோடு இழுத்தார். அதுதான் கடற்கரைச் சாலை. எங்கள் தெருவிலிருந்து அதற்குப் போகும் திருப்பங்களும் ஒரு குறுக்கு வழியும் சின்னக் கோடுகள். அதன் ஒரு பக்கம் கல்லுப்பைத் தூவினால் கடலைத் தடுக்கும் கருங்கல். அந்தப் பக்கம் தரையில் புளியங்கொட்டைகள், துறைமுகத்துக்குள் போக முறைக்காகக் காத்து நிற்கும் கப்பல்கள். இந்தப் பக்கம் வரிசையாகத் தீப்பெட்டிகள், அதே துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். வடக்கே எண்ணூரில் இரண்டு ஊதுவத்தியை உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்தினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. தெற்கே காசிமேட்டுக்கு ஒரு காய்ந்த நெத்திலி. அம்மா பார்த்துவிட்டு அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள்.

எந்த இடத்துக்கு எப்போது போவது, எதைப் படம் எடுப்பது என்று தினமும் முடிவு செய்வோம், மறுநாள் மாற்றுவோம். கப்பல்களைக் காலையில் எடுக்கக் கூடாது, வெயில் எதிரே நின்று கப்பல் கரிக்கட்டையாக விழும், சாயங்காலம்தான் சரி. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளைக் கொக்குகள் தண்ணீர் இறங்கியபின்தான் வரும். காசிமேட்டுக்கு விடியும்போதே போய்விட வேண்டும், ஏலம் முடிந்தால் அப்புறம் கூடைதான் இருக்கும். பிலிம் ரோலைக் காணும் பொங்கல் நெருங்கியபின்தான் போடுவேன் என்று மாமா சொல்லிவிட்டதால், நான் மார்கழி முழுவதும் வெறும் கேமராவைக் கண்ணில் வைத்துப் புளியங்கொட்டைகளைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இதில் கலந்துகொள்ளவே இல்லை. இட்லித் தட்டோடும் துணி வாளியோடும் எங்கள் சாலையைத் தாண்டித் தாண்டிப் போவாள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் துடைப்பத்தோடு வந்து எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை ஒரே இழுப்பாகப் பெருக்கித் தள்ளுவாள். “ஊரெல்லாம் வாசல்ல பூசணிப்பூ வைக்குது. என் வீட்ல மட்டும் நடுவீட்ல லாரி நிக்குது” என்பாள். காலையில் நாங்கள் மறுபடி போடுவோம்.

நான் தினமும் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவள் வாயிலிருந்து ஒரு வாக்கை வாங்கிவிட்டேன். போகியன்று இழுக்காமல் இருந்தால் காணும் பொங்கலுக்கு மாமாவோடு போகலாம். இழுத்தால் அடுத்த வருடம்தான். நான் அன்றே பயிற்சியைத் தொடங்கினேன். யாரும் சொல்லாமலே ஆடாதொடைக் கஷாயத்தைக் குடித்தேன். காதை மூடித் துணி கட்டிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று பலூன் ஊதினேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படித் தயாரானதில்லை.

ஆனால் போகி என் கையில் மட்டும் இல்லையே. எங்கள் தெருப் பையன்களுக்குப் போகி என்றால் டயர். பழைய பாய், துடைப்பமெல்லாம் பெரியவர்கள் கொளுத்துவது. பையன்கள் கார்த்திகையிலிருந்தே சைக்கிள் டயர், ஸ்கூட்டர் டயர் என்று தேடிச் சேர்த்து ஒரு சந்தில் அடுக்கி வைத்து, முறை போட்டுக் காவல் காப்பார்கள். மாமா அந்தக் குவியலைச் சில நாள் போகும்போதும் வரும்போதும் பார்த்தார். பிறகு அவர்களிடம் போய்ப் பேசினார்.

“டேய், இத்த இந்தச் சந்துல கொளுத்தி எவன்டா பாக்கப்போறான்? காசிமேட்டுல இந்த வருசம் மெர்சலா ஒரு போகி. கரையில மலை மாரி அடுக்கப் போறோம். உங்க டயருதான் உச்சில. வர்றீங்களா?”

பையன்கள் மயங்கிவிட்டார்கள். மாமா கொண்டுவந்த மீன்வண்டியில் தாங்களே டயர்களை ஏற்றி, பின்னால் கொஞ்ச தூரம் தள்ளியும் விட்டார்கள். மாமா வீட்டுக்கு வந்து என் தலையைத் தட்டி, “உன் ரூட்டு கிளியர் ஆயிச்சி” என்றார். காசிமேட்டில் படகுகள் கரையிலும் ஒன்றோடொன்றும் இடித்துக்கொள்ளாமலிருக்கப் பக்கவாட்டில் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மாமாவின் கூட்டாளிகளுக்கு அந்த வருடம் டயர் பஞ்சமே இல்லை.

போகிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், பையன்களில் ஒருவன் தன் அப்பாவோடு மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருக்கிறான். அன்று சாயங்காலம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரு கூட்டம் நின்றது.

“இன்னா அண்ணாத்த, போகிக்கு வெச்ச டயரு கடல்ல குளிச்சிகினு கீது?”

“நல்லதுக்குத்தான் நைனா. படகு ஒடையாம இருக்கும். புண்ணியம் உங்களுக்கு.”

“புண்ணியத்த நீயே வெச்சிக்க. போகியன்னிக்குப் பாரு.”

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்கள் இனி எங்கே போய் டயர் சேர்ப்பார்கள் என்று நினைத்தோம். லாரிகள் மைல் கணக்கில் நிற்கிற சாலையின் ஓரத்தில் குடியிருந்துகொண்டு அப்படி நினைத்தது எங்கள் பிழை. பஞ்சர் கடையில் கேட்டு ஒரு கன்டெய்னர் லாரி டயரை வாங்கி உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது என் தோள் உயரம் இருந்தது. சந்துக்குள் நுழையாததால், எங்கள் வாசலுக்கு எதிரிலேயே போட்டார்கள்.

போகியன்று விடியற்காலையில் மேளச் சத்தத்தோடு அது பற்றிக்கொண்டது. சைக்கிள் டயர் சீக்கிரம் எரிந்து முடியும். லாரி டயர் முடிகிற ஜாதி இல்லை. மாமா இரவு வேலைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை; அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். அம்மா ஈரத் துண்டை வாசற்கதவின் கீழே திணித்தாள், ஜன்னலில் ஈரப் புடவையைக் கட்டினாள். புகை எந்த வழியாக வந்ததென்றே தெரியவில்லை, வந்துவிட்டது. எனக்குள் விசில் ஊத ஆரம்பித்தது. இன்ஹேலரை இழுத்தேன். கொஞ்சம் அடங்கியது போல இருந்து, மறுபடி ஊதியது.

“இழுக்குதா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா” என்றேன். காணும் பொங்கல் என் கண்முன் நின்றது. இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன், வரவில்லை.

அம்மா வெளியே போய் ஆட்டோ தேடினாள். புகையில் எதிர் வீடே தெரியவில்லை, ஆட்டோ எங்கே வரும். திரும்பி வந்தவள் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மூலையில் நின்ற என் சைக்கிளை எடுத்து வெளியே இறக்கினாள். என் முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக் கேரியரில் உட்கார வைத்தாள். நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். முதல் நாள்தான் மாமா அதில் ரோல் போட்டிருந்தார். அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவள் ஏறி மிதித்தாள்.

எனக்கு இருந்த மூச்சுத் திணறலிலும் ஒன்று விளங்கியது. நாங்கள் எங்கள் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முன்னறையில் மாமா போட்ட அதே திருப்பங்கள், அதே குறுக்கு வழி. தினமும் தாண்டித் தாண்டிப் போனவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள். கடற்கரைச் சாலைக்கு வந்ததும் இடதுபக்கம் கருங்கல், அதற்கப்பால் கடல். லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் வண்டிக்குக் கீழே உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார். கடலுக்கு மேல் புகையின் ஊடே சூரியன் சிவப்பாக ஒரு தட்டுப் போல நின்றது. நான் அம்மாவின் முதுகைத் தட்டினேன். நிறுத்தினாள். படம் எடுத்தேன்.

“கப்பல் தெரியுதா? எத்தனைன்னு எண்ணு. சத்தமா, நிறுத்தாம சொல்லு” என்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூச்சு வாங்க நின்றேன். இன்னும் கப்பல்கள் இருந்தன. அதற்குள் அவள் ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

காசிமேட்டுக்கு அருகில் புகை கொஞ்சம் மெலிந்திருந்தது. அங்கேயும் முதுகைத் தட்டினேன், அங்கேயும் நிறுத்தினாள். எங்கள் தெரு டயர்கள் படகுகளின் இடுப்பில் வரிசையாகத் தொங்கின. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. படகுகளில் எழுதியிருக்கும் பெயர்களையெல்லாம் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒரு பெயர் நீளமாக இருந்தது, பாதியில் நின்றேன். மறுபடி மிதித்தாள், முன்னைவிட வேகமாக.

ராயபுரத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் என் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். என் கணக்கில் அது பயணத்தின் நடுவே ஓர் இளைப்பாறல். இழுப்பு அடங்கியதும் நான் அழுதேன். இழுத்துவிட்டதே, காணும் பொங்கல் போயிற்றே என்று. அம்மா துண்டால் என் முகத்தைத் துடைத்து, “போகலாம், போகலாம்” என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே விட்டாள். மாமாவோடு எண்ணூருக்குப் போய்க் கொக்குகளைப் படம் எடுத்தேன். அந்தப் பயணம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.

ரோலைக் கழுவி வந்தபோது போகியன்று எடுத்தவையெல்லாம் வெள்ளையாக, நடுங்கிப்போய் இருந்தன. மாமா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். “இன்னாக்கா, எங்கிட்ட சொல்லாம ஊட்டிக்குப் போய் வந்துகீறீங்க?” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அதன்பின் மாமா எந்தப் போகிக்கும் யாரிடமும் டயர் கேட்கவில்லை.

இப்போது என் மகளுக்கும் அதே நெஞ்சு. இதை எழுத உட்கார்ந்தபின், அவள் தூங்குகிற அறைக்கு இரண்டு முறை போய்க் காது வைத்துக் கேட்டுவிட்டு வந்தேன். தேவையில்லை என்று எனக்கே தெரியும், தெரிந்தும் போனேன். சென்ற மாதம் குழந்தை டாக்டர் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒரே மூச்சில் அவளால் எவ்வளவு பேச முடிகிறது என்று பாருங்கள், ஏதாவது எண்ணச் சொல்லுங்கள், பாட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பாதியில் நின்றால் காத்திருக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் போகிக்குப் பின் பல நாள் நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கள் அம்மாவுக்குக் கப்பல் என்றால் உயிர், ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எண்ணச் சொன்னாள், ஆனால் கொஞ்சமும் பொறுமை கிடையாது, நான் எண்ணி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டாள் என்று. வீட்டில் அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அவள் மறுத்ததில்லை. கடலில் எத்தனை கப்பல் நின்றாலும் அவளுக்கு ஒன்றுதான். நான் மூன்றோடு நின்றேன். அவள் கேட்ட கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.