காற்று மட்டும் அடிக்கவும்

பன்னிரண்டாம் வகுப்பில் என்னோடு படித்தவர்கள் எல்லாம் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான் கம்ப்யூட்டர் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். சேலத்தில் ஒரு கடையில் பாகங்களை வாங்கி வந்து, நாமக்கல்லில் எங்கள் வீட்டுக் கட்டிலில் பரப்பி, கேட்பவரின் தேவைக்கேற்பப் பூட்டிக் கொடுப்பேன். செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை. முதல் பெட்டி எனக்கு. இரண்டாவது தம்மம்பட்டியில் இருக்கும் சித்தி மகனுக்கு. அவன் வாய் சும்மா இருக்காது, அதனால் மூன்றாவதும் நான்காவதும் தானாக வந்தன. பட்டனை அழுத்தியதும் விசிறிகள் கிறுகிறுவென்று சுற்றி, கலர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் பாருங்கள், அந்த இரண்டு நொடிக்காக நான் சோறு தண்ணீர் இல்லாமல்கூட இருப்பேன். கிடைத்த காசில் முதலில் ஒரு செருப்பு வாங்கினேன். அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அப்பா லாரிகளுக்கு எழுத்து எழுதுபவர். பாடி கட்டும் பட்டறையில் வேலை. நெற்றியில் சாமி பெயர், பின்னால் 'ஒலி எழுப்புக', எல்லாம் முடிந்ததும் ஓரமாகக் கொசு அளவுக்குத் தன் பெயர். என் வியாபாரத்தைப் பார்த்து அவருக்குக் கோபமில்லை, பயம்தான். பரீட்சை வருடம் அல்லவா. ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"கண்ணு, ஒரு பொட்டி, ஒண்ணே ஒண்ணு ரிப்பேருன்னு திரும்பி ஊட்டுக்கு வரட்டும். அன்னிக்கே இந்த ஸ்க்ரூடிரைவரப் பரண்ல போட்டுருவேன். பொறகு படிப்பு மட்டுந்தான்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து தீப்பெட்டியைக்கூடத் தொடாதவர். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு போர்வெல் போடும் வீடியோ. சாயங்காலம் தட்டில் சோறு விழுந்ததும் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைப்பார். யார் காட்டிலோ ரிக் வண்டி நிற்கும், புழுதி பறக்கும், நானூறு அடியில் தண்ணீர் பீறிடும். எங்களுக்கு ஒரு சென்ட் காடு கிடையாது. ஆனாலும் தண்ணீர் வந்தால் அப்பாவின் முகம் அப்படி மலரும். வராவிட்டால் இரண்டு கவளம் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

அந்த மாதிரி வீடியோ போடும் திருச்செங்கோட்டு ரிக் முதலாளி ஒருவரே எனக்குப் போன் செய்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ வெட்டி ஒட்ட நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வேண்டுமாம்.

"லைட்டு மட்டும் நம்ம ரிக்குல இருக்கற மாதிரியே இருக்கோணும் சாமி. எரியறது நாலு ஊட்டுக்குத் தெரியோணும்."

வைத்தேன். கண்ணாடிக் கதவுக்குள் ஆறு விசிறி, ஆறிலும் விளக்கு. இருட்டில் போட்டுப் பார்த்தபோது அம்மா, தேர் வந்துவிட்டதா என்று கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய கம்பெனிக்காரி மாதிரி ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன்: 'துணியால் துடைக்காதீர். தண்ணீர் படக்கூடாது. தூசி சேர்ந்தால் கதவைத் திறந்து காற்று மட்டும் அடிக்கவும்.' நான் மனதில் நினைத்தது கையில் பிடித்து ஊதும் சின்ன ப்ளோயரை. சனிக்கிழமை ஒரு பிக்கப் வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது.

ஞாயிறு காலையில் முதலாளியிடமிருந்து போன் வந்தது. குரலில் சுரத்தே இல்லை.

"சாமி, மிசின் எடுக்க மாட்டீங்குது. கொண்டாந்து ஊட்ல உட்டறட்டுங்களா?"

அப்பா வாசலில்தான் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். "வேண்டாங்க, நானே வாரேனுங்க," என்றேன். "என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க. நீங்க எழுதுன மாதிரி காத்து மட்டுந்தான் அடிச்சோம்."

பூஜை போடாமல் அவர்கள் எந்த மிஷினையும் ஓட்டுவதில்லை. தூசியோடு எந்த மிஷினுக்கும் பொட்டு வைப்பதும் இல்லை. பிக்கப்பில் வந்ததில் பெட்டிமேல் கொஞ்சம் மண் படிந்திருந்ததாம். ரிக்கை இயக்கும் டிரில்லர் சீட்டைப் படித்து, கண்ணாடிக் கதவைப் பயபக்தியோடு கழற்றி, ரிக் கம்ப்ரசரின் ஓஸைத் திருப்பியிருக்கிறார். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து கல்லைத் தூளாக்கி மேலே துப்ப வைக்கும் காற்று அது. பிய்ந்துபோன விசிறி இறக்கைகளை உள்ளங்கையில் வரிசையாக அடுக்கி முதலாளி போட்டோவும் அனுப்பினார்.

பிராசசர் மேல் இருக்கும் விசிறியும் அதில் இருந்தது. அது இல்லாமல் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை சேலத்துக் கடை திறக்காது. என் சொந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து அதன் விசிறியைக் கழற்றிப் பையில் போட்டேன். கழற்றும்போது அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிநேகிதி வீட்டுக்குப் போவதாக அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுத் திருச்செங்கோடு பஸ் ஏறினேன்.

ஷெட்டில் மேஜைமேல் மாலையும் கழுத்துமாக என் பெட்டி நின்றது. முதலாளி செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே, "பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துருங்களா? பொறகு எமகண்டமுங்க," என்றார். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. தளர்ந்திருந்த ஒயர்களைச் செருகினேன். உடைந்த விசிறிகளைக் கழற்றி வீசினேன். என் விசிறிக்கு அடியில் தடவும் பேஸ்ட்டைப் பிதுக்கியபோது, சந்தனக் கிண்ணத்தோடு நின்ற டிரில்லர் எட்டிப் பார்த்து, "இதும் பூசையில சேருதுங்களா?" என்று கேட்டார். சேரும் என்றேன். சிரிக்கவோ அழவோ அப்போது நேரமில்லை.

பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பரண்தான் கண்ணில் தெரிந்தது. மெமரியைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திச் செருகி இன்னொரு முறை தட்டினேன். விசிறிகள் கிறுகிறுத்தன. மிச்சமிருந்த மூன்று விளக்குகள் எரிந்தன.

அந்த ஷெட்டில் நான் குதித்த குதியை டிரில்லர் இன்றும் சொல்லிக் காட்டுவார். தேங்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் வைக்கப் பெட்டிக்குச் சக்கரம் இல்லையே என்று ஒரு பேச்சு எழுந்தது. கடைசியில் கம்ப்யூட்டருக்காக வாங்கிய சுழல் நாற்காலியின் ஐந்து சக்கரத்துக்கும் ஐந்து பழம் வைத்தார்கள். முதலாளி அதில் உட்கார்ந்து, டிரில்லர் தள்ள, நசுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். உடைந்த விசிறி மூன்றுக்கும், என்னுடையதற்கும் அவரே பணம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள் போல இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா செல்போனைச் சொம்பில் சாய்த்தார். "தண்ணி வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள். எட்டிப் பார்த்தேன். திரையில் நான் இருந்தேன். முதலாளி என் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய முதல் வீடியோ அது. சீட்டில் என் கையெழுத்து, ஓஸ், இறக்கைகள் பறந்தது, நான் குதித்தது, ஒன்றையும் அவர் விடவில்லை.

முடிந்ததும் அப்பா முதலிலிருந்து மறுபடி போட்டார்.

"பொட்டி ஊட்டுக்குத் திரும்பி வரலைங்கப்பா," என்றேன், மெதுவாக.

"வரலதான். எத்தன பிரஷருன்னு எழுதாம உட்டது உன்ற தப்பு. ரிக்குக்காரன் என்ன பண்ணுவான்?" என்றார். நானூறு அடியில் தண்ணீர் வந்த முகம் அது. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

அடுத்த பெட்டி மேச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. சீட்டு ஒட்ட வேண்டாம் என்று அப்பா பட்டறையிலிருந்து பிரஷும் பெயின்டும் கொண்டுவந்து, பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் எழுத்தில், சிவப்பு நிழல் கொடுத்து, 'காற்று மெதுவாக அடிக்கவும்' என்று எழுதினார். காய்ந்த பிறகு தூக்கினேன். ஓரத்தில் கொசு அளவுக்கு ஒரு பெயர் இருந்தது. அவருடைய பெயர் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். என் பெயரை எழுதியிருந்தார்.