நான்காவது எண்ணிலிருந்து வந்த செய்தி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சங்கதி. எங்கள் தெருவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வீட்டிலிருந்து வேப்பிலை வரும், எதிர்வீட்டிலிருந்து சர்ச் எண்ணெய் வரும், கடைசியில் காய்ச்சலை இறக்குவது மெடிக்கல் ஷாப் மாத்திரையாகத்தான் இருக்கும். நீங்களும் என்னை மாதிரி என்றால் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டர் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் ரொம்ப நாள் அப்படி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். இன்னொன்று, இது நடந்தது ராத்திரியிலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ட்யூப்லைட் வெளிச்சத்தில், வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்ட பிறகு.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். அல்சூர் பக்கம் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே மூன்று கம்ப்யூட்டர் சிஸ்டம் இருந்தன. பதிவு கவுண்டரில் ஒன்று, லேபில் ஒன்று, பார்மசியில் ஒன்று. மூன்றையும் மூன்று கம்பெனி மூன்று காலத்தில் செய்து கொடுத்திருந்தார்கள், ஒன்றுக்கு மற்றது சொல்வது விளங்காது. ஒன்று தேதியை நாளில் ஆரம்பிக்கும், இன்னொன்று வருஷத்தில் ஆரம்பிக்கும். இந்த மூன்றையும் பேச வைப்பதுதான் என் வேலை. நடுவில் உட்கார்ந்து, இவர் சொன்னதை அவர் பாஷையில் மாற்றிச் சொல்கிற ஒரு புரோகிராம் எழுதினேன். கல்யாணத் தரகர் செய்கிற அதே வேலைதான் என்பதால் எங்கள் ஆபீஸில் அதற்குத் தரகன் என்றே பேர் வைத்துவிட்டோம். பதிவு 01, லேப் 02, பார்மசி 03. எந்தச் செய்தி வந்தாலும் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று என் ஸ்கிரீனில் தெரியும்.

பெரிய தலைவலி ஆளை அடையாளம் காண்பதுதான். மூன்று சிஸ்டத்துக்கும் பொதுவான நம்பர் கிடையாது, அதனால் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் பொருத்திப் பார்த்தோம். பிறந்த தேதியில்தான் வந்தது வினை. எங்கள் பக்கத்து ஜனங்கள் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்த நாள். ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த தேதி, அதுவே ரேஷன் கார்டு வரை போய் நிற்கும். இதை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இன்சார்ஜ் ரவீந்திராவிடம் சொன்னேன். அவர் மங்களூர்க்காரர், நடுநடுவே கன்னடம் விழுந்தாலும் தமிழ் நன்றாகவே பேசுவார், நாக்கில் மட்டும் விஷம்.

"ஏன்ரீ தயாளன், உங்க ஏரியால எல்லா பொம்பளைங்களும் ஒரே நாள்ல லைன்ல நின்னு பெத்துக்கிட்டாங்களா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேலை முடிய வேண்டுமே.

அதனால் தரகனுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு செய்தி தப்பான ஆளுக்கு வந்துவிட்டது என்று நான் ஒரு கீயை அழுத்தினால், "நீ சொல்கிற ஆள் இவர் இல்லை" என்று அனுப்பியவருக்கே அதைத் திருப்பிவிடும். கூடவே, அதே பெயரும் அதே பிறந்த தேதியும் உள்ள வேறு ஆள் இருந்தால், "இவராக இருக்குமோ பார்" என்று அந்த விவரத்தையும் தானாகவே சேர்த்து அனுப்பும். ரொம்ப நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள்.

தரகனை ஓடவிட வேண்டிய அந்த வாரம்தான் என் அக்கா விஜயாவுக்கு அங்கே பித்தப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள். அம்மா போன பிறகு கார்மென்ட்ஸில் தையல் மிஷின் மிதித்து என்னைப் படிக்க வைத்தவள், கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் "இவன் சம்பாரிக்கட்டும்" என்றே வயதைக் கடத்திவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு விடாத காய்ச்சல். உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, ஊசி மருந்து ஒரு வேளைகூட தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகனை ஓடவிட்டோம். அன்றிலிருந்து கைச்சீட்டு கிடையாது, ஸ்கிரீனில் இருந்தால்தான் மருந்து என்று நிர்வாகத்தின் உத்தரவு. மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், வார்டிலிருந்து சிஸ்டர் ஜெசிந்தா போன் பண்ணினார்.

"தம்பி, உங்க அக்காவுக்கு ஊசி கேட்டா பார்மசில குடுக்க மாட்டேங்கறாங்கப்பா. பேஷன்ட் எக்ஸ்பயர்டுனு வருதாம். இங்க நல்லா உக்காந்து கஞ்சி குடிச்சினு இருக்காங்க!"

ஸ்கிரீனைப் பார்த்தேன். எம். விஜயா, பெண்கள் வார்டு, கட்டில் எண் வரை சரி. உயிரோடு இருந்தால் A, இறந்தால் E என்பது எங்கள் குறி. அக்காவுக்கு E. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 04 என்று இருந்தது.

04 என்று ஒன்று கிடையாது. நான்தான் எண் கொடுத்தவன், எனக்குத் தெரியாதா? எவனோ டெஸ்ட் பண்ணுகிறான் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே A என்று மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் E. மாற்றினேன், மறுபடியும் வந்தது. வெளியே போகிற போன் லைனைப் பிடுங்கினேன். மூன்று சிஸ்டத்தைத் தவிர மற்ற எல்லா ஒயரையும் உருவிப் போட்டேன். அப்போதும் வந்தது. வந்ததைவிட, அது வந்த விதம்தான் எனக்குப் புரியவில்லை. மற்ற மூன்றும் ஒழுங்காக ஒரு தேதி சொல்லவே மாசக்கணக்கில் உயிரை வாங்கின. இது எடுத்த எடுப்பில் ஒரு பிழை இல்லாமல் பேசியது. தரகனுக்குக் கொஞ்சம்கூட சந்தேகம் வரவில்லை, கேட்டதை அப்படியே மூன்று பேருக்கும் சொல்லிவிட்டது.

மறுபடியும் போன். இந்தத் தடவை அக்காவே பேசினாள்.

"டேய் தயா, இன்னாடா இது, நான் செத்துட்டேனாம்ல? ரெண்டு பேரு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கினு வந்துட்டானுங்கடா. நான் திட்டி அனுப்ச்சேன். ஒருத்தன் சொல்றான், அம்மா கம்ப்யூட்டர்ல வந்துட்ச்சி, நாங்க இன்னா பண்றதுன்றான்..."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லும்போதே பேச்சு நின்றுபோனது. ரிசீவர் கட்டிலில் மோதுகிற சத்தம் கேட்டது. ஸ்கிரீனில் அந்த நேரம்தான் E விழுந்திருந்தது. அதுவரை ஸ்கிரீனோடு நின்றது, இந்தத் தடவை அவள் உடம்புக்கே வந்துவிட்டது.

"நாடி கெடைக்கலையே, ஜீசஸ், ஐயோ டாக்டரக் கூப்புடுங்க" என்று ஜெசிந்தா கத்துவது கேட்டது. நான் A என்று போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பக்கம் இழுத்து மூச்சு விடுகிற சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது. "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றார் ஜெசிந்தா. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் E. மறுபடியும் அந்தப் பக்கம் அலறல். நான் A. இப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை. தரகனை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் கடைசியாக இருந்தது எதுவோ அதுவே நின்றுவிடும். கடைசியாக எது இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரவீந்திரா பின்னால் வந்து நின்றார். "சார், மூணு சிஸ்டத்துலயும் தப்பு வருது, பார்மசிக்கு ஒரு கைச்சீட்டு குடுங்க, அக்காவுக்கு ஊசி போடணும்" என்று கெஞ்சினேன்.

"முதல் நாளே மேன்யுவலா? சிஸ்டம்ல எக்ஸ்பயர்டுன்னா எக்ஸ்பயர்டு. உங்க புரோகிராம்தானே, நீங்களே சரி மாடி, சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

A போட்டுப் போட்டு விரல் மரத்துவிட்டது. அப்போதுதான் அந்தத் திருப்பி அனுப்புகிற கீ ஞாபகம் வந்தது. அழுத்தினேன். "நீ சொல்கிற ஆள் இவர் இல்லை." ஸ்கிரீனில் அது போவது தெரிந்தது, அதன் கீழே தரகன் தன் வழக்கப்படி இன்னொரு வரியையும் சேர்த்துக்கொண்டு போனது. எம். விஜயா, ஜூன் ஒன்று, அதே வருஷம், எலும்பு வார்டு. அப்படி ஒருத்தி அங்கே இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த கணமே 04-லிருந்து பதில் வந்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று. அதன் பிறகு அக்காவுக்கு E வரவில்லை.

பார்மசியிலிருந்து ஊசி போனது. நான் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மாடியில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்த எம். விஜயா அல்சூர் மார்க்கெட்டில் பூ கட்டி விற்கிறவள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கால் முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார்கள், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவள். புருஷன் பழனி ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தானாம், ஒரு சுளையை வாயில் போட்டவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். டாக்டர் வருவதற்கு முன்னாலேயே மூன்று சிஸ்டத்திலும் அவளுக்கு E விழுந்திருந்தது.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் முள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு உடலை வெளியே எடுப்பதென்றால் லேபில் ஒரு கையெழுத்து, பார்மசியில் ஒரு கையெழுத்து என்று சொந்தக்காரர்களை அலைக்கழிப்பார்கள். அன்றைக்கு மூன்று சிஸ்டமும் ஒரே பதிலைச் சொன்னதால் பொழுது சாய்வதற்குள் வேன் வந்துவிட்டது. ரவீந்திராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நோடி தயாளன், பாருங்க, இன்டகிரேஷன்னா இது! இவ்ளோ ஃபாஸ்ட்டா ஒரு பாடி இங்கிருந்து போனதே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். பழனியிடம் கொண்டுபோய் நிறுத்தி, "இவர்தான் செஞ்சது" என்றார். பழனி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் விரலில் ஆரஞ்சு வாசனை.

"சாமி, எங்கண்ணன் செத்தப்போ ரெண்டு நாளு வெளிய வுடலங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றான்.

எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். மாடியில் அக்கா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த இடத்தில் நீங்களும் அப்படித்தான் நின்றிருப்பீர்கள்.

காய்ச்சல் இறங்கி அக்காவை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வருகிறாள்.

"ஆஸ்பத்திரின்னா இப்டி இருக்கணும்டா. அன்னிக்கி எனக்குக் கொஞ்சம் தெளிஞ்சப்போ ஒருத்தரு வந்து எவ்ளோ மரியாதையா விசாரிச்சாரு. நம்ம தமிழ்தான், எந்த ஊரு பேச்சுன்னுதான் புரியல. பேரு கேட்டாரு, அப்பா பேரு கேட்டாரு, பொறந்த தேதி கேட்டாரு. ஜூன் ஒண்ணுன்னேன். அது இன்னொருத்தருக்கும் இருக்குதேம்மா, கொழப்பம் ஆயிடுது, நெஜமா பொறந்தது எப்போன்னாரு. ஆடி கடைசி வெள்ளின்னு அம்மா சொல்லும்னு சொன்னேன். ரொம்ப நன்றிம்மா, இனிமே தப்பு வராதுன்ட்டுப் போனாரு."

அந்த நேரத்தில் டாக்டரையும் தன்னையும் தவிர அக்காவின் கட்டில் பக்கம் யாருமே வரவில்லை என்று ஜெசிந்தா பைபிள்மேல் கை வைத்துச் சொன்னார். மறுநாள் மூன்று சிஸ்டத்திலும் அக்காவின் பிறந்த தேதியைப் பார்த்தேன். ஜூன் ஒன்று எங்கேயும் இல்லை. ஆகஸ்ட்டில் ஒரு தேதி இருந்தது. அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன், ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அதை மாற்ற எனக்குக் கை வரவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் அவளுக்கு முட்டிவலி. வைட்ஃபீல்ட் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அந்தப் பழைய இடத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, நாங்கள் அங்கே காலெடுத்து வைத்ததே அன்றைக்குத்தான். கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள், பிறந்த தேதியைக் கேட்டாள். அக்கா வழக்கம்போல ஜூன் ஒன்று என்றாள். அந்தப் பெண் ஸ்கிரீனைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"மேடம், உங்க ரெக்கார்டு ஆல்ரெடி இருக்கு. ஆனா பர்த் டேட் ஆகஸ்ட்னு காட்டுது. எது கரெக்ட்?"

அக்காவுக்கு ஒரே ஆச்சரியம். "ஆமாம்மா, அதான் நெஜம். ஆடி வெள்ளி. உங்களுக்கு எப்டிம்மா தெரியும்?" என்று சிரித்தாள்.

"எல்லாம் கனெக்ட் ஆயிருக்கும் மேடம். இவங்கதானான்னு கன்ஃபார்ம் பண்ணச் சொல்லிக் கேக்குது. பண்ணிடட்டுமா?"

நான் கவுண்டருக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"பண்ணிடும்மா."