அன்பரசு மாற்றிய பிரேக்

சிதம்பரத்தில் தட்டச்சுப் பள்ளி நடத்திய அன்பரசு எந்த வேலைக்கும் ஆள் கூப்பிட மாட்டார். 2010இல் கார் பிரேக் கிறீச்சிட்டபோதும் அப்படித்தான். கடலூரில் புது பிரேக் பேடும் டிஸ்க்கும் வாங்கிவந்து, முன்சக்கரங்களில் தானே மாட்டினார்.

பெருமையாக வண்டியைப் பின்னால் எடுத்தவர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. பதறி ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்குள் எதிர்வீட்டு முருங்கைக்கன்று சாய்ந்துவிட்டது.

மனைவி ரேகா மெக்கானிக் சிங்காரத்துக்குப் போன் செய்தார்.

"புது பேடு மாட்டுனா, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பெடல நாலஞ்சு வாட்டி மிதிச்சு உடணும். சாருக்குத் தெரியாதாம்மா?" என்றார் சிங்காரம்.

அன்பரசு அசடு வழிய மிதித்தார். பெடல் கெட்டியானது.

மறுநாள் கடலூர் போனபோது பிரேக் அருமையாகப் பிடித்தது. ஆனாலும் வழிநெடுக, பக்கத்து இருக்கையில் ரேகாவும் காலை அழுத்திக்கொண்டே வந்தார்.