வடித்துக் கொட்டிய கீரைத் தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று முக்கூடல் சந்தையில் என் கீரைக்கட்டுதான் முதலில் தீரும். அப்படிப்பட்டவன் வீட்டில், எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வெளிறிச் சோர்ந்து கிடந்தாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, ஃபோலிக் அமிலச் சத்துக் குறைவு, கீரை கொடுங்கள் என்றார்.

"தினமும் கீரைதாம்மா திங்கிறா. நான் கீரை வியாபாரில்லா?"

"எப்படிச் சமைக்கிய அண்ணாச்சி?"

"வயல்ல அடிக்கிற பூச்சிமருந்து எனக்குத் தெரியும். ரெண்டு தடவை வேகவச்சுத் தண்ணியக் கொட்டணும்னு என் உத்தரவு."

"சத்தையும்லா சேத்துக் கொட்டியிருக்கிய. நல்லா அலசி, கொஞ்சத் தண்ணியில வேகவச்சு அதோட மசிங்க."

மாத்திரையும் எழுதித் தந்தார். தண்ணீரைக் கொட்ட வேண்டாமென்று மருமகள் பலமுறை சொல்லியிருந்தாள்; அவள் வாயை அடக்கிவிட்டு, மறுபேச்சு இல்லாத வீடு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பேத்தி தேறிவிட்டாள். அடுப்படியில் இப்போது மருமகள் சொல்வதுதான் சட்டம்.